எக்செல்லில் இருக்கும் 180 பில்லைப் பழைய பில்லிங் புரோகிராமில் மேக்ரோ ஏற்றுமா?

கல்லிடைக்குறிச்சியில் அப்பள மொத்த வியாபாரக் கடை ஒன்றில் கணக்கு பார்க்கும் தம்பி கேட்டிருக்கிறார்: "லைனுக்குப் போகிற சேல்ஸ்மேன்கள் ராத்திரி எக்செல் ஷீட்டில் ஆர்டர் அனுப்புகிறார்கள். காலையில் நான் உட்கார்ந்து 180 பில்லையும் கையால் பில்லிங் புரோகிராமில் அடிக்கிறேன். பழைய புரோகிராம், இறக்குமதி வசதி கிடையாது. எழுதிக் கொடுத்தவரும் இப்போது ஊரில் இல்லை. கீபோர்டு மேக்ரோ வைத்து இதைச் செய்ய முடியுமா? எதில் எழுதுவது? தப்பாகப் போனால் அண்ணாச்சிக்கு யார் பதில் சொல்வது?"

முடியும் தம்பி. கீபோர்டு மேக்ரோ என்பது நமக்குப் பதிலாகக் கீகளைத் தானே அடிக்கும் சின்ன நிரல். பாளையங்கோட்டையைச் சுற்றியுள்ள கடைகளுக்கு இந்த வேலையைச் சில தடவை செய்து கொடுத்திருக்கிறேன். வருஷக்கணக்கில் நன்றாக ஓடியதும் உண்டு, ஒரு தடவை மானம் போனதும் உண்டு. இரண்டையும் சொல்கிறேன்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். இறக்குமதி வசதி, அதாவது வெளிக் கோப்பை அப்படியே உள்ளே ஏற்றும் வசதி, நிஜமாகவே இல்லையா, அல்லது எந்த மெனுவில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லையா? யுடிலிட்டி, டூல்ஸ் என்ற பெயரில் உள்ள மெனுக்களை ஒரு தடவை திறந்து பாருங்கள். டேலி என்ற கணக்கு மென்பொருள் வைத்திருப்பவர்கள் சிலர் என்னிடம் மேக்ரோ கேட்டு வருவார்கள். டேலி எக்ஸ்எம்எல் கோப்பை ரொம்ப நாளாகவே வாங்கிக்கொள்ளும், புதிய டேலி பிரைம் எக்செல்லையே நேராக வாங்கிக்கொள்ளும் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவேன். இறக்குமதி இருக்கிற இடத்தில் மேக்ரோ வைப்பது, வாசல் திறந்திருக்கும்போது ஓட்டைப் பிரித்து இறங்குகிற வேலை.

இன்னொரு குறுக்கு வழியும் யாராவது சொல்வார்கள்: "டேட்டா எல்லாம் ஒரு ஆக்சஸ் தரவுத்தளக் கோப்பில்தான் இருக்கும், அதைத் திறந்து நேராக எழுதிவிடு" என்று. செய்யாதீர்கள். ஒரு பில்லை நீங்கள் சேமிக்கும்போது அந்தப் புரோகிராம் பின்னால் சரக்கு இருப்பைக் குறைக்கிறது, பார்ட்டி (வாடிக்கையாளர்) கணக்கில் பற்று வைக்கிறது, அடுத்த பில் எண்ணை ஏற்றுகிறது. நேராக எழுதினால் பில் மட்டும் நிற்கும், மற்றதெல்லாம் தொங்கும். மார்ச் மாதக் கடைசியில்தான் அது தெரியவரும். மேக்ரோவில் உள்ள நல்ல விஷயமே இதுதான்: அது முன்வாசல் வழியாக, நீங்கள் அடிப்பதைப் போலவே அடிக்கிறது. புரோகிராமுக்கு வித்தியாசம் தெரியாது.

சரி, எழுதுவதற்கு முன் ஒரு பரீட்சை. மவுஸின் வயரைப் பிடுங்கிவிட்டு ஒரு பில்லை முழுசாகப் போடுங்கள். பார்ட்டி கோடு, என்டர், சரக்கு கோடு, என்டர், எண்ணிக்கை, என்டர், விலை தானாக வரும், மறுபடி என்டர், சேமிக்க எஃப்10, "பில் சேவ்டு" என்று ஒரு சின்னப் பெட்டி வரும், அதற்கு ஒரு என்டர். உங்கள் புரோகிராமில் கீகள் வேறாக இருக்கலாம். ஆனால் ஆரம்பத்திலிருந்து கடைசி வரை கீபோர்டிலேயே முடிகிறதா என்பதுதான் கேள்வி. பழைய புரோகிராம்கள் இதில் புதியவற்றை விட மேல், அநேகமாக எல்லாவற்றுக்கும் ஒரு கீ வைத்திருப்பார்கள். எங்காவது மவுஸ் தேவைப்பட்டால், ஆல்ட் கீயை அழுத்திப் பாருங்கள். மெனுவிலும் பட்டன்களிலும் எந்த எழுத்தின் கீழ் கோடு விழுகிறதோ அந்த எழுத்துதான் அதன் கீ. இந்த வரிசையைக் காகிதத்தில் எழுதுங்கள், ஒரு என்டர் விடாமல். மேக்ரோவில் பாதி வேலை அந்தக் காகிதம்தான்.

இனி எதில் எழுதுவது. நீங்கள் செய்வதை அப்படியே பதிவு செய்துகொண்டு திருப்பி ஓட்டும் ரெக்கார்டர் வகை ஒன்று உண்டு. விண்டோஸ் 3.1 காலத்தில் ரெக்கார்டர் என்ற பெயரில் விண்டோஸுடனேயே அப்படி ஒன்று வந்தது, விண்டோஸ் 95-இல் எடுத்துவிட்டார்கள். இன்று டைனிடாஸ்க் போன்றவை இருக்கின்றன. மேக்ரோ கீபோர்டு, கேமிங் மவுஸ் ஆகியவற்றுடன் வரும் மென்பொருளும் இதே ரகம். ஒரே வேலையை ஐம்பது தடவை அப்படியே திரும்பச் செய்ய இது போதும். உங்களுக்கு ஒவ்வொரு பில்லிலும் பார்ட்டி வேறு, சரக்கு வேறு, எண்ணிக்கை வேறு. அதனால் எழுதுகிற வகைதான் வேண்டும்.

விண்டோஸில் அதற்கு நான் சொல்வது ஆட்டோஹாட்கீ. 2003 முதல் இருக்கிறது, இலவசம், மூலநிரலும் திறந்தது. இரண்டாம் பதிப்பு 2022 டிசம்பரில் வந்தது, அதையே போடுங்கள். ஒரு எச்சரிக்கை: இணையத்தில் கிடைக்கும் உதாரணங்களில் பெரும்பாலானவை முதல் பதிப்புக்கு எழுதியவை. இரண்டாம் பதிப்பில் அவற்றை ஒட்டினால் முதல் வரியிலேயே பிழை காட்டும். நீங்கள் தப்பாக எழுதிவிட்டதாக நினைத்து மனம் விடாதீர்கள், இலக்கணம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். மைக்ரோசாஃப்ட்டின் பவர் ஆட்டோமேட் டெஸ்க்டாப் விண்டோஸ் 11-உடன் சும்மாவே வருகிறது, கட்டங்களை இழுத்துப் போட்டு அமைக்கலாம். பார்க்க எளிது. ஆனால் பத்து வருஷப் பழைய கடைக் கம்ப்யூட்டரில் அது மூச்சு வாங்கும். லினக்ஸ் என்றால் எக்ஸ்டூடூல், மேக் என்றால் கீபோர்டு மேஸ்ட்ரோ. கடைகளில் இவை இரண்டையும் நான் பார்த்ததில்லை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். நீங்கள் திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை வண்டியில் கல்லிடைக்குறிச்சிக்குப் போகிறீர்கள். கண்ணை மூடிக்கொண்டு, வண்டி நிற்கும் தடவைகளை மட்டும் எண்ணி இறங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். டவுன் ஒன்று, பேட்டை இரண்டு, சேரன்மகாதேவி மூன்று, காருகுறிச்சி நான்கு, வீரவநல்லூர் ஐந்து, அடுத்தது நம்ம ஊர். ஆனால் அது ஒற்றைப் பாதை. எதிர் வண்டிக்காகச் சிக்னலில் எங்காவது ஒரு நிமிஷம் நின்றுவிட்டால் உங்கள் கணக்கு போச்சு, வீரவநல்லூரில் இறங்கி நிற்பீர்கள். ரெக்கார்டர் மேக்ரோவும், புதிதாக எழுதுபவரின் மேக்ரோவும் இப்படித்தான் போகும். "எஃப்10 அழுத்து, ஒரு வினாடி பொறு, என்டர் அழுத்து." உங்கள் கம்ப்யூட்டர் பெரும்பாலும் ஒரு வினாடிக்குள் சேமித்துவிடும். எழுபத்து மூன்றாவது பில்லில் ஆன்ட்டிவைரஸ் எதையோ தடவிக்கொண்டிருக்கும், ஒன்றரை வினாடி ஆகும். அந்த என்டர் வேறு எங்கோ விழும், அதற்குப் பின் எல்லாம் ஒரு படி தள்ளி விழும்.

கண்ணைத் திறந்து மஞ்சள் போர்டைப் படித்து இறங்குவதற்கு ஆட்டோஹாட்கீயில் உள்ள கட்டளை வின்வெயிட்ஆக்டிவ். இந்தத் தலைப்புள்ள ஜன்னல் முன்னால் வரும்வரை நில், அதிகபட்சம் பத்து வினாடி, வராவிட்டால் மொத்தத்தையும் நிறுத்து என்று எழுதலாம். அந்தக் கடைசிப் பகுதியைப் பலரும் எழுதாமல் விடுகிறார்கள். வராவிட்டால் நிறுத்தாத மேக்ரோவும் கண்ணை மூடிய மேக்ரோவும் ஒன்றுதான்.

அதிலும் ஒரு கொக்கி இருக்கிறது. பழைய புரோகிராம்களில் வருகிற எல்லாச் சின்னப் பெட்டிக்கும் தலைப்பு ஒன்றாகவே இருக்கும், புரோகிராமின் பெயர். "பில் சேவ்டு" பெட்டிக்கும் அதே தலைப்பு, "சரக்கு இருப்பு இல்லை" பெட்டிக்கும் அதே தலைப்பு. போர்டில் எல்லா ஸ்டேஷனுக்கும் ஒரே பெயர் எழுதியதைப் போல. அதனால் தலைப்பை மட்டும் பார்க்காமல், பெட்டிக்குள் இருக்கும் வாசகத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். வின்வெயிட்ஆக்டிவ் கட்டளையில் தலைப்புக்கு அடுத்த இடம் அதற்குத்தான்.

நான் மாட்டிக்கொண்டதும் இங்கேதான். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு ரைஸ்மில்லுக்கு எழுதிக் கொடுத்தேன். முதல் இரண்டு நாள் அருமையாக ஓடியது. மூன்றாம் நாள் ஓட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். எக்செல்லில் ஒரு பார்ட்டி கோடு தப்பாக இருந்திருக்கிறது. புரோகிராம், "இந்தப் பார்ட்டி இல்லை, புதிதாகச் சேர்க்கவா?" என்று கேட்டிருக்கிறது, "எஸ்" பட்டன் ஏற்கெனவே தேர்வான நிலையில். என் மேக்ரோ அடித்த என்டர் "சரி, சேர்" என்று பதில் சொல்லிவிட்டது. அதற்குப் பின் வந்த எண்ணிக்கை எல்லாம் புதுப் பார்ட்டியின் பெயர்க் கட்டத்தில் போய் விழுந்தது. திரும்பி வந்தபோது பார்ட்டி பட்டியலில் 12, 40, 6 என்ற பெயர்களில் ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள். மில்காரர் பட்டியலைப் பார்த்துவிட்டு அமைதியாகக் கேட்டார்: "யாருவே இந்தப் பன்னெண்டு? நம்மகிட்ட எவ்வளவு பாக்கி வச்சிருக்கான்?" அன்று ராத்திரி பத்து மணி வரை ஒவ்வொன்றாக அழித்தேன். மேக்ரோவை ஓடவிட்டு எழுந்து போகிற பழக்கத்தை அன்றோடு விட்டேன்.

அதனால் உங்கள் மேக்ரோ அடிப்பதோடு நிற்காமல், அடித்தது விழுந்ததா என்று படித்துப் பார்க்கவும் வேண்டும். ஆட்டோஹாட்கீயுடன் விண்டோ ஸ்பை என்று ஒரு சின்னக் கருவி வரும். அதைத் திறந்துவைத்து பில் ஜன்னலின் கட்டங்கள் மேல் மவுஸை நகர்த்துங்கள், மாட்டிய மவுஸைத்தான் சொல்கிறேன். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பெயர் காட்டும். தண்டர்ஆர்டி6டெக்ஸ்ட்பாக்ஸ் என்று ஆரம்பித்து எண்ணில் முடிந்தால், உங்கள் புரோகிராம் விஷுவல் பேசிக் 6-இல் எழுதியது. 1998-இல் வந்த அந்த மொழியில் எழுதிய பில்லிங் புரோகிராம்கள் நம் ஊர்க் கடைகளில் இன்னும் ஓடுகின்றன. தண்டர் என்பது முதல் விஷுவல் பேசிக்குக்கு மைக்ரோசாஃப்ட் உள்ளுக்குள் வைத்திருந்த ரகசியப் பெயர், அது இப்படிக் கட்டங்களில் ஒட்டிக்கொண்டு இத்தனை வருஷம் வந்திருக்கிறது. பெயர் கிடைத்துவிட்டால் கன்ட்ரோல்கெட்டெக்ஸ்ட் கட்டளை அந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று படித்துக் கொடுக்கும்.

இதை வைத்து இரண்டு சோதனை போடுங்கள். பார்ட்டி கோடு அடித்தவுடன் பெயர்க் கட்டத்தைப் படியுங்கள், காலியாக இருந்தால் நிறுத்து. எஃப்10 அழுத்துவதற்கு முன் மொத்தத் தொகைக் கட்டத்தைப் படித்து, எக்செல்லில் அந்தப் பில்லுக்கு வரும் தொகையுடன் ஒப்பிடுங்கள், ஒரு ரூபாய் வித்தியாசம் இருந்தாலும் நிறுத்து. இந்த இரண்டும் எனக்கு அன்று இருந்திருந்தால் பன்னெண்டு பிறந்திருக்க மாட்டான்.

படிக்க முடிகிறதே, கன்ட்ரோல்செட்டெக்ஸ்ட் கொண்டு நேராகக் கட்டத்தில் எழுதிவிடலாமே என்று தோன்றும். வேகமாகவும் இருக்கும். ஆனால் கட்டத்தில் எழுத்து வந்துவிடும், விலை வராது. கீ அழுத்தப்படுவதையும் கட்டத்தை விட்டு வெளியேறுவதையும் வைத்துத்தான் அந்தப் புரோகிராம் விலையை எடுத்துவரும். கீயே அடிக்காவிட்டால் அதற்குச் சேதி போகாது. எனவே எழுதுவது கீயால், படிப்பது கன்ட்ரோலால்.

மேக்ரோவின் உடம்பு இப்படி இருக்கும். எக்செல் ஷீட்டை சிஎஸ்வி கோப்பாக (கமாவால் பிரித்த வெறும் டெக்ஸ்ட்) சேமித்துக்கொள்ளுங்கள், எக்செல்லுக்கும் பில்லிங்குக்கும் ஆல்ட்-டேப் போட்டுத் தாவி காப்பி-பேஸ்ட் செய்யும் பாணி வேண்டாம். கோப்பை வரி வரியாகப் படி. வரியைக் கமாவில் உடை. முதல் துண்டு பில் எண். அது முந்தைய வரியின் பில் எண்ணே என்றால், சரக்கும் எண்ணிக்கையும் மட்டும் அடி. மாறிவிட்டது என்றால், பழைய பில்லைச் சரிபார்த்துச் சேமி, புதிய பில்லைத் திற, பார்ட்டி கோடு அடி. இதில் எல்லோரும் ஒரு தடவை விழுகிற குழி உண்டு. பில் எண் மாறும்போதுதானே சேமிக்கிறோம்? கடைசிப் பில்லுக்குப் பின் வேறு பில் கிடையாது, எண் மாறாது, அது சேமிக்கப்படாமலே திரையில் நிற்கும். சுற்று முடிந்த பிறகு ஒரு தடவை தனியாகச் சேமிக்க ஒரு வரி எழுதுங்கள்.

பழைய புரோகிராம் கீகளை முழுங்கும். ஆட்டோஹாட்கீ இரண்டாம் பதிப்பு வழக்கமாக இன்புட் முறையில் எல்லாக் கீயையும் ஒரே மூச்சில் கொட்டுகிறது, 1045 என்று அனுப்பினால் 145 விழும். அப்படி நடந்தால் சென்ட்மோடை ஈவென்ட் என்று மாற்றி, செட்கீடிலேயில் 40 மில்லிவினாடி கொடுங்கள். ஈவென்ட் முறையில் ஓடும்போது நீங்கள் கீபோர்டைத் தொட்டால் உங்கள் எழுத்தும் நடுவில் கலக்கும், ஆகவே கடைப் பையன்களுக்கு ஒரு சீட்டு எழுதி ஒட்டிவிடுங்கள். அப்படியும் ஒரு பில்லுக்கு எட்டு வினாடிக்கு மேல் ஆகாது, 180 பில் 24 நிமிஷம். கையால் ஒரு பில்லுக்கு 50 வினாடி என்று வைத்தாலும் இப்போது இரண்டரை மணி நேரம் போய்க்கொண்டிருக்கிறது.

சில்லறைத் தொந்தரவுகளையும் சொல்லிவிடுகிறேன். சாதாரண சென்ட் கட்டளையில் கூட்டல் குறிக்கு ஷிஃப்ட் என்று அர்த்தம், போன் எண்ணின் முன் +91 என்று இருந்தால் ஷிஃப்ட்டும் 9-உம் சேர்ந்து அடைப்புக்குறி ஒன்றும் பக்கத்தில் 1-உம் விழும். டேட்டாவை அனுப்ப சென்ட்டெக்ஸ்ட் கட்டளையைப் பயன்படுத்துங்கள், அது குறியைக் குறியாகவே அடிக்கும். எக்செல்லில் 007 என்று பார்ட்டி கோடு இருந்தால் அது 7 ஆகிவிடும், அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று மாற்றிவைத்து அப்புறம் அடிக்கச் சொல்லுங்கள். சிஎஸ்வியை மறுபடி எக்செல்லில் திறந்து சேமித்தால் பூஜ்யங்கள் திரும்பவும் பறந்துவிடும். தேதியில் நாளும் மாதமும் இடம் மாறுகிறதா என்று முதல் பில்லிலேயே பாருங்கள்.

தமிழ்ப் பெயர்களை அடிக்க முயலாதீர்கள். விஷுவல் பேசிக் 6 கட்டங்களுக்கு யூனிகோடு, அதாவது தமிழ் உட்பட எல்லா மொழி எழுத்துக்குமான குறியீட்டு முறை, தெரியாது, "சுப்பையா ஸ்டோர்" என்று அனுப்பினால் கேள்விக்குறிகளாக விழும். எங்கும் கோடு எண்களையே வையுங்கள். தமிழ் உள்ளீட்டை ஆன் செய்தபடி மேக்ரோவை ஓட்டவும் வேண்டாம், ஆங்கிலக் கோடு தமிழ் எழுத்தாகி நிற்கும். பில்லிங் புரோகிராமை "ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" என்று திறக்கிறீர்கள் என்றால் மேக்ரோவையும் அப்படியே திறக்க வேண்டும். விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸ், சாதாரணப் புரோகிராம் அட்மின் ஜன்னலுக்குக் கீ அனுப்புவதைத் தடுக்கிறது, பிழைச் செய்தி கூட வராது. ஸ்கிரீன் லாக் ஆனால் மேக்ரோ செத்தது, ஸ்லீப் நேரத்தை மாற்றிவிடுங்கள். மேக்ரோவை இஎக்ஸ்இ கோப்பாக மாற்றிக் கொடுத்தால் ஆன்ட்டிவைரஸ் சில நேரம் வைரஸ் என்று தூக்கிவிடும், கீ அடிக்கிற திருட்டு மென்பொருள்களும் இதே வித்தையைப் பயன்படுத்துவதால் வருகிற சந்தேகம் அது. மாற்றாமல் அப்படியே ஓட்டுவது நல்லது.

கரண்ட் போகும். அதற்கும் ஒரு ஏற்பாடு வேண்டும். ஒவ்வொரு பில் சேமித்தவுடன், "பில் சேவ்டு" பெட்டியைப் பார்த்த பிறகு, அந்தப் பில் எண்ணை ஒரு டெக்ஸ்ட் கோப்பில் ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள், ஃபைல்அப்பெண்ட் கட்டளை. மறுபடி ஓட்டும்போது மேக்ரோ முதலில் அந்தக் கோப்பைப் படித்து, அதில் உள்ள பில்லைத் தாண்டிப் போகட்டும். சேமித்ததற்கும் எழுதியதற்கும் நடுவே கரண்ட் போனால் ஒரு பில் இரட்டிக்க வாய்ப்பு உண்டு, எனவே திரும்ப ஆரம்பிக்கும் முன் கடைசிப் பில் எண்ணைக் கண்ணால் ஒப்பிடுங்கள். எஸ்கேப் கீயை அழுத்தினால் மேக்ரோ அந்த நொடியே நிற்க வேண்டும், அதை மற்ற எல்லா வரிக்கும் முன்பாக எழுதுங்கள். எழுதாமல் முதல் ஓட்டம் ஓட்டினால், தறிகெட்டு அடிக்கும் கீபோர்டுக்கு எதிரே நீங்கள் கையைப் பிசைந்து நிற்பீர்கள்.

பாஸ்வேர்டை மேக்ரோவுக்குள் எழுதாதீர்கள், அது யாரும் திறந்து படிக்கக்கூடிய வெறும் டெக்ஸ்ட் கோப்பு. பேங்க் சைட்டில் மேக்ரோ வேண்டவே வேண்டாம். எழுதப் பழகிவிட்டால், நெல்லை எக்ஸ்பிரஸுக்கு தட்கல் போட இதையே திருப்பலாமே என்று யாராவது வருவார்கள். டிக்கெட் தளம் தானியங்கி மென்பொருளை அனுமதிப்பதில்லை. அப்படி எடுத்து விற்றால் ரயில்வே சட்டம் 1989-இன் 143-ஆம் பிரிவில் வழக்கு வரும்.

பெரிய மேக்ரோ தயாராக ஒரு வாரம் ஆகும். அதற்குள் கை பழக, சின்னதாக ஒன்று இன்றைக்கே செய்யுங்கள். ஆட்டோஹாட்கீயில் சுருக்கெழுத்து வசதி உண்டு: ஆங்கிலத்தில் இரண்டு மூன்று எழுத்து அடித்து ஸ்பேஸ் தட்டினால் முழு வாசகம் வந்து நிற்கும். கடை முகவரி, ஜிஎஸ்டி எண், "சரக்கு லாரியில் ஏற்றியாகிவிட்டது" என்று தினமும் பார்ட்டிகளுக்கு அடிக்கும் வரி, எதுவானாலும் சரி. ஒரு சுருக்கத்துக்கு ஒரு வரி எழுதினால் போதும். யூனிகோடு தெரிந்த வேர்ட், மெயில், வாட்ஸ்அப் வெப் எல்லாவற்றிலும் தமிழிலேயே வரும். என் மேஜையில் இப்போது அறுபது சுருக்கம் ஓடுகிறது. பெரிய மேக்ரோ எதையும் விட இதுதான் எனக்கு அதிக நேரம் மிச்சம் பிடித்துக் கொடுத்திருக்கிறது.

அண்ணாச்சிக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டீர்கள். நீங்கள்தான் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் பில்லிங் ஃபோல்டரை முழுசாக இன்னொரு பழைய கம்ப்யூட்டருக்குக் காப்பி எடுத்து, அங்கே ஐந்து பில் ஓட்டுங்கள். வேண்டுமென்றே ஒரு பார்ட்டி கோட்டையும் ஒரு எண்ணிக்கையையும் தப்பாக வைத்து, மேக்ரோ நிற்கிறதா என்று பாருங்கள். நின்ற பிறகு அண்ணாச்சியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் கண்முன்னே இருபது பில் ஓட்டுங்கள். எஸ்கேப் கீ எது என்று அவருக்கும் காட்டிவிடுங்கள்.